வீட்டை நாலடி தூக்கியாச்சு, தெரு அங்கேயேதான் இருக்கு

"ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினீங்களாமே, நல்லா பண்றாங்களா, நம்பலாமா, எவ்வளவு ஆச்சு" என்று இந்த இரண்டு மாதத்தில் மட்டும் ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசி என் தொண்டைதான் போனது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்தத் தொழிலில் பெயரை நம்பிப் பிரயோஜனமில்லை. நமக்கு வந்து வேலை பார்க்கிற மேஸ்திரி யார், அவர் கூட எத்தனை ஆள், அதுதான் கணக்கு. அதே பெயரில் அடுத்த தெருவுக்கு வேறு ஆட்கள் வருவார்கள், வேறு மாதிரி வேலை நடக்கும்.

முதலில் வீடு. 1996ல் அப்பா கட்டியது. வேலூரில் கன்சால்பேட்டைப் பக்கம், நிக்கல்சன் கால்வாய்க்கு நடந்து போகிற தூரம். 880 சதுர அடி, தரைத்தளம் மட்டும், கருங்கல் கடக்கால் (அஸ்திவாரம்), ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட். தூண் கிடையாது, சுவர்தான் தாங்குகிறது. கட்டின புதிதில் ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம், அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்துதான் பாட்டி வெற்றிலை போடும். அப்புறம் ரோடு போட்டார்கள், பழைய ரோட்டின் மேலேயே போட்டார்கள், ஒரு படி காணாமல் போனது. கொஞ்ச வருஷம் கழித்து இன்னொரு தடவை போட்டார்கள், இரண்டாவது படி போனது. கடைசியாக சிமெண்ட் ரோடு வந்தபோது மூன்றாவது படியும் போய், எங்கள் கூடத்துத் தரை ரோட்டுக்கு அரை அடி பள்ளத்தில் நின்றது. 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. எங்கள் தெருவுக்குத்தான் அதற்குள் மூன்று படியும் போயிருந்தது.

அதே வருஷம் நவம்பரில் வந்தது பாருங்கள் வெள்ளம். வேலூரைப் பற்றி ஊரில் ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981ல் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆற்றுக்குத் தண்ணி 2021ல் வந்தது, வட்டியும் முதலுமாக. வாலாஜா பக்கம் பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது என்றார்கள். வாழ்நாள் முழுக்க மணலையே பார்த்த ஜனங்கள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோட்டை அகழியிலிருந்து உபரித் தண்ணீர் ஆற்றுக்குப் போகிற பழைய வழி அடைபட்டுப் போயிருந்ததால், அகழி நிரம்பிக் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. சாமிக்கே அந்தக் கதி, நாம் எம்மாத்திரம்.

எங்கள் வீட்டில் இரண்டரை அடி. கேட்டைத் தாண்டி வந்தது என்று நினைக்காதீர்கள், முதல் தண்ணீர் பாத்ரூம் ஜாலி, அதாவது தரையில் தண்ணீர் வெளியே போகிற ஓட்டை, அது வழியாகத்தான் வந்தது. இது நிறைய பேருக்குத் தெரியாது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு இருக்கும்போது பின்னாலிருந்து அம்மா "டேய், இங்க பொங்குதுடா" என்று கத்தியது. வெளியே மட்டம் ஏற ஏற சாக்கடைக் குழாய் தலைகீழாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். கருப்பாக, வெதுவெதுப்பாக, குமிழி விட்டுக்கொண்டு. விடியும்போது ஃப்ரிட்ஜ் மல்லாக்க மிதந்தது, அரிசி டிரம் சாய்ந்து அரிசி எல்லாம் கூடத்தில் ஒரு வெள்ளைப் படலமாக நின்றது. தண்ணீர் வடிய மூன்று நாள், நாற்றம் போக ஒரு மாதம். சுவரில் தொடை உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்தது, இரண்டு தடவை வெள்ளையடித்தும் மறுபடி மறுபடி தலை காட்டியது.

வீட்டைத் தூக்கலாம் என்ற பேச்சுக்கு முன்னால் மற்றதெல்லாம் பார்த்துவிட்டோம். வாசலில் ஒன்றரை அடிக்குத் தடுப்புச் சுவர் கட்டினோம். வெளித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் தடுத்தது, ஜாலித் தண்ணீரைத் தடுக்கவில்லை, மேலே சொன்ன விஷயம்தான். தரையை மட்டும் மண் கொட்டி உயர்த்தலாம் என்றால் தலைக்கு மேலே ஃபேன் இடிக்கும், வாசக்காலை மாற்ற வேண்டும், ஜன்னல் முழங்காலுக்கு வரும். இடித்துவிட்டுக் கட்டலாம் என்றால் மேஸ்திரி இருபது லட்சம் சொன்னார். மண்டித் தெருவில் கணக்கு எழுதுகிறவனுக்கு இருபது லட்சம் என்பது நோட்டில் எழுதிப் பார்க்கிற எண். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், மழையில் மூழ்கிய தெரு என்று தெரிந்ததும் கேட்கிற விலையில் காட்பாடியில் கால் கிரவுண்டு வராது.

சரி, ஜாக்கி. மூன்று கம்பெனியிடம் விலை கேட்டோம். மூன்று பேருமே வடக்கே ஹரியானாப் பக்கத்து முதலாளிகள், சென்னையில் ஒரு ஆபீஸ், வேலை ஆட்கள் பெரும்பாலும் பீகார்ப் பையன்கள். நாங்கள் பிடித்த ஆள் முதல் மூன்று அடிக்குச் சதுர அடிக்கு 270 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் 40 ரூபாய் என்றார். நாலடி கேட்டோம். இருபது ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம், முப்பது நாளில் முடிப்போம் என்று எழுத்தில். எழுதிக் கொடுக்கும் முன்னால் நான் தனியாக ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டினேன், அவருக்கு 5,000 ரூபாய். சுவர் தாங்குமா, கடக்கால் கல் இறுகி இருக்கிறதா, தளத்துக் கம்பி துரு ஏறி இருக்கிறதா என்று மூன்று இடத்தில் கொத்திப் பார்த்தார். இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். ஜாக்கிக் கம்பெனி ஆள் எந்த வீட்டைப் பார்த்தாலும் "சூப்பர் ஸ்ட்ராங் சார்" என்றுதான் சொல்வார்.

2023 ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தார்கள். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் பக்கத்துத் தெருவில் மூன்று மாதத்துக்கு வாடகைக்குப் போனோம்.

வேலை எப்படி நடக்கிறது என்றால், முதலில் சுவர் ஓரமாக உள்ளேயும் வெளியேயும் தரையை உடைத்துத் தோண்டிக் கடக்காலைத் திறக்கிறார்கள். கடக்கால் கல்லை இரண்டு அடிக்கு ஒரு இடமாகப் பிரித்து எடுத்து, அந்த ஓட்டையில் செங்கல் அடுக்கி அதன் மேல் திருகு ஜாக்கி, ஜாக்கி மேல் இரும்புச் சேனல், சேனல் மேல் சுவர். இப்படி ஒவ்வொன்றாக, 160 ஜாக்கி. நானே எண்ணினேன். எல்லா ஜாக்கியும் பாரத்தை வாங்கின பிறகு மிச்சக் கல்லையும் எடுத்துவிட்டார்கள். அந்த நிமிஷம் நம் வீடு பூமியில் இல்லை. அந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் இந்தப் பக்கத்து வேலி தெரிகிறது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாடகை வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது, அதற்கப்புறம் வேலை முடிகிற வரை அந்தப் பக்கம் வரவில்லை.

தூக்குவது விசிலுக்கு. மேஸ்திரி நடுக் கூடத்தில் நின்று ஒரு விசில் அடித்தால், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஜாக்கி பிரித்துக்கொண்டு, இரும்புத் தடியை விட்டு ஒவ்வொன்றையும் ஒரே அளவு திருகுவார்கள். எல்லாரும் முடித்துக் கையைத் தூக்கிய பிறகுதான் அடுத்த விசில். ஒரு நாளைக்கு ஐந்தாறு இஞ்ச். ஜாக்கி முழு உயரத்துக்கு வந்துவிட்டால் ஒன்று விட்டு ஒன்றாக இறக்கி, கீழே செங்கல் ஏற்றி, மறுபடி வைக்கிறார்கள். ஆடும், அசையும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் கிடையாது. அவசரத்தில் சுவரிலேயே விட்டுப்போன நாள்காட்டி கடைசி வரை அதே ஆணியில் தொங்கியது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. சுவரும் தளமும்தான் மேலே போகிறது, தரை கீழேயே நிற்கிறது. நான் அதே பழைய மொசைக் தரையில் நிற்கிறேன், சுவிட்ச் போர்டு தலைக்கு மேலே ஏறிக்கொண்டே போகிறது, வாசக்கால் மார்பு உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது, சாமி மாடம் எட்டாத உயரத்தில். 2021 தண்ணீர்க் கோடு தொடையில் இருந்தது, இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, நாலடி முடிந்த அன்று என் தலைக்கு மேலே போய்விட்டது. அண்ணாந்து பார்த்தேன். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது, வெளியே வந்துவிட்டேன். (அப்புறம் மண் நிரப்பித் தரை மேலே வந்ததும் கோடு மறுபடி தொடைக்கே வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.)

இனி குறை. நாலடியும் தூக்கி முடித்து, ஜாக்கிகளுக்கு நடுவே செங்கல் கட்ட வேண்டிய நேரத்தில் பதினாலு ஆளில் எட்டு ஆளைச் சென்னையில் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். போன் செய்தால் "நாளைக்கு சார்". ஒன்பது நாள் வீடு வெறும் ஜாக்கி மேல் நின்றது. ஏழாவது நாள் ராத்திரி கோடை மழை, இடியோடு, ஒரு மணி நேரம் கொட்டியது. குழிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. செங்கல் நிற்கிற மண் ஊறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து, ஒரே இடத்தில் 9 பேர் போனார்கள், அந்த நினைப்புத்தான் எனக்கு ராத்திரி முழுக்க. குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மேஸ்திரியும் மிச்சமிருந்த ஆறு பையன்களும் ஏற்கெனவே குழியில் இருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு டீசல் பம்பைத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு மணிக்குத் தண்ணீரை இறைத்துக்கொண்டே, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் சுத்தியல், ஒவ்வொரு ஜாக்கியாகத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார் அந்த மேஸ்திரி. பாரம் வாங்கின ஜாக்கி "ணங்" என்னும், இளகினது "டப்" என்னும். சமையல்கட்டு மூலையில் நாலு ஜாக்கி "டப்". உடனே முறுக்கினார். "பையா, நீங்க போய்த் தூங்கு" என்று என்னிடம் சொன்னார், மரியாதையும் இல்லாமையும் கலந்த அவருடைய தமிழில். நான் போகவில்லை.

காலையில் பார்த்தால் சமையல்கட்டு ஜன்னலுக்கு மேலே குறுக்கே ஒரு விரிசல், நான்கு அடி நீளம், ரூபாய் நாணயம் செருகலாம். அப்புறம் கம்பி வலை வைத்துப் பூசிக் கொடுத்தார்கள், இன்று வரை திறக்கவில்லை. ஆனால் அந்த விரிசல் ஆபீஸில் உட்கார்ந்து ஆளைப் பங்கு போட்டவரின் விரிசல். அந்த மேஸ்திரிக்கு நூற்றுக்கு நூறு போடுவேன், அவர் முதலாளிக்கு முப்பத்தைந்து. முப்பது நாள் வேலை 52 நாள் ஆனது. தாமதத்துக்கு ஒரு ரூபாய் குறைக்கவில்லை, ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அது என் தப்பு.

பணக் கணக்கு. தூக்கியதற்கு 2,72,800 ரூபாய். இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் எல்லோரும் இறங்குகிறார்கள், நானும். உள்ளே நாலடிக்கு மொரம்பு மண் நிரப்ப 54,000, டிப்பர் டிப்பராகக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கெட்டித்தார்கள். டைல்ஸ், கூலி சேர்த்து 97,000. அறுத்த குழாயெல்லாம் மறுபடி இணைக்க 38,000. புதுப் படியும் முன்பக்கக் கட்டு வேலையும் 45,000. பெயிண்ட் 40,000, மூன்று மாத வாடகை 21,000, இன்ஜினியர், கரண்ட் ஒயர் நீட்டியது எல்லாம் சேர்த்து 9,000. ஆக 5,76,800. கம்பெனிக்குப் போனது பாதிக்கும் கீழே. சதுர அடி விலையைக் கேட்டால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் உண்மை விலை. அதுவே இருபது லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான், அதையும் சொல்ல வேண்டும்.

படி விஷயம் வேடிக்கை. மொட்டை மாடிக்குப் போகிற வெளிப் படிக்கட்டு வீட்டோடு ஒட்டினது, அதனால் அதுவும் கூடவே மேலே போய்விட்டது. முதல் படி நாலடி உயரத்தில் தொங்க, நாலு நாள் தெருப் பையன்கள் அதில் குதித்து ஏறி விளையாடினார்கள். அதற்குக் கீழே படி கட்ட இடம் தேடி, துளசி மாடம் போனது. வாசலுக்கு இப்போது ஏழு படி. அம்மாவுக்கு முழங்கால் வலி, கைப்பிடி வைத்தும் காலையில் ஒரு தடவை இறங்கினால் மதியம் வரை மேலே ஏறாது, திண்ணையே போய்விட்டது என்று இன்னும் முனகுகிறது. ஸ்கூட்டருக்குச் சரிவு போடலாம் என்றால் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே மூன்றடிதான் இடம், மூன்றரை அடி உயரத்துக்கு அந்த இடத்தில் சரிவு போட்டால் சர்க்கஸ்தான். வண்டி கீழேயே நிற்கிறது.

அப்புறம் சோதனை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது, அடுத்து வந்த மழையில் எங்கள் தெருவில் ரோட்டுக்கு மேல் ஒன்றரை அடி நின்றது. நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். உண்மையாகவே டீ குடித்தோம், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மழைச் சத்தத்துக்கு யாரும் எழுந்து பாத்ரூமைப் பார்க்கவில்லை. ஜாலியில் ஒரு சொட்டு ஏறவில்லை. இந்த ஒரு ராத்திரிக்காகக் கொடுத்த பணம் எனக்கு வலிக்கவில்லை.

ஆனால் விடிந்ததும் மோட்டார் போட்டால் குழாயில் சாக்கடை வாடை. சம்ப்! தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டி, அதன் மூடி பழைய மட்டத்திலேயே இருந்திருக்கிறது. வீட்டைத் தூக்கினோம், குடிக்கிற தண்ணீரைத் தெரு மட்டத்திலேயே விட்டுவிட்டோம். கம்பெனியும் சொல்லவில்லை, இன்ஜினியரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் கேன் தண்ணீர். சம்பை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை நிரப்பிக் கொட்டி, அப்புறம் வாயை மூன்றடி உயர்த்திக் கட்ட 6,000 ரூபாய். செப்டிக் டேங்கும் கீழேதானே, அதுவும் முழுகி, இரண்டு நாள் கக்கூஸில் ஊற்றின தண்ணீர் யோசித்து யோசித்துத்தான் இறங்கியது. ஸ்கூட்டர் சைலன்சருக்குள் தண்ணீர் போய் 2,300 ரூபாய் தனி.

பக்கத்து வீட்டு அக்கா விஷயத்தையும் எழுதாமல் விட்டால் சரியில்லை. முன்னால் தெருத் தண்ணீர் என் காம்பவுண்டுக்குள்ளும் பரவி நிற்கும், இப்போது என் வீடு நாலடி மண் நிரம்பின ஒரு திட்டு, தண்ணீருக்கு அங்கே இடமில்லை. அது எங்கே போகும்? என் ஒரு வீட்டால் எத்தனை இஞ்ச் ஏறியிருக்கும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இருக்காது என்கிறார் இன்ஜினியர். தெருவில் இப்போது மூன்று வீடு தூக்கியாயிற்று, அது வேறு. அக்கா வீட்டில் அந்த ராத்திரி ஒரு அடி. பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, "இன்னாப்பா, தூங்கிட்டியா? இந்த கிரைண்டரையும் சிலிண்டரையும் உங்க படியில வச்சிக்கட்டா?" என்று கேட்டது. நானும் அவர் பையனும் தூக்கி வந்து மேல் படியில் வைத்தோம், அப்புறம் தையல் மிஷின், அப்புறம் பையனின் புத்தக மூட்டை, அப்புறம் அக்காவும் மாமியாரும் பையனும் எங்கள் கூடத்திலேயே படுத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்காவும் மழை விட்டதும் கம்பெனி நம்பரைக் கேட்டது, கொடுத்தேன், ஆள் வந்து பார்த்தார். அக்கா வீட்டுக்கு அதற்கு அந்தப் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், இரண்டு வீட்டையும் சேர்த்துத் தூக்கினால்தான் முடியும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார், வாடகைக்கு விட்டிருக்கிறார், அவருக்கு எதற்கு ஆறு லட்சம் செலவு? பொதுச் சுவர் உள்ளவர்கள் முதலில் இதைப் பேசி முடித்துவிட்டு அப்புறம் விலை கேளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வேலைக்கு நாலரை, சொன்ன சொல்லுக்கு இரண்டு, நடுவில் கொஞ்சம் மேஸ்திரிக்காக ஏற்றிப் போட்டது. கம்பெனியைப் பிடிக்கிறதாக இருந்தால் எத்தனை ஆள், எந்தத் தேதி வரை இங்கேயே இருப்பார்கள், ஜாக்கி மேல் வீடு நிற்கும்போது ஆள் குறைந்தால் நாளைக்கு எவ்வளவு கழிவு என்று பத்திரத்தில் எழுத வையுங்கள், கடைசித் தவணையில் கால் பங்கையாவது ஜாக்கி எல்லாம் வெளியே வரும் வரை கையில் வைத்திருங்கள். சம்ப் வாய், செப்டிக் டேங்க் மூடி, கரண்ட் மீட்டர், வெளிப் படிக்கட்டு இந்த நாலும் யார் வேலை என்று முதல் நாளே கேளுங்கள். தை மாதத்தில் பேசினால்தான் பங்குனி, சித்திரையில் ஆள் கிடைப்பார்கள். ஐப்பசியில் வானத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தால் அவர்களும் "நாளைக்கு சார்" என்றுதான் சொல்வார்கள்.